பொங்கல் விடுமுறையில் குல்மார்க்: சறுக்கக் கற்க விரும்பும் மகளும் அறுபத்தெட்டு வயது அம்மாவும் உடன் வருகிறார்கள்

கேள்வி: தண்டையார்பேட்டை வாசி

வணக்கம். வரும் சனவரியில் குடும்பத்தோடு காஷ்மீரின் குல்மார்க் சென்றுவர வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கான பணத்தையும் ஓரளவு சேர்த்து வைத்திருக்கிறோம். நான், என் மனைவி, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், நான்காம் வகுப்பில் படிக்கும் மகன், அறுபத்தெட்டு வயதான என் அம்மா என ஐந்து பேர். எங்களில் எவரும் இதுவரை பனி பொழிவதை நேரில் கண்டதில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணமே மகள்தான். வியாசர்பாடியில் கால்பந்துப் பயிற்சிக்குச் சென்றுவரும் அவள், குல்மார்க்கில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளைக் காணொளியில் பார்த்ததிலிருந்து, ஒரு முறையாவது பனிச்சறுக்குக் கற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் அவளுக்கு நாட்டமில்லை. தானே சறுக்கி இறங்க வேண்டும் என்பதே அவளது விருப்பம்.

மண்ணடிப் பக்கம் உள்ள ஒரு பயண நிறுவனத்தில் விசாரித்தோம். ஸ்ரீநகர், பகல்காம், சோன்மார்க் ஆகியவற்றோடு குல்மார்க்குக்கு ஒரு நாள் ஒதுக்கிய திட்டத்தைக் கொடுத்தார்கள். காலையில் ஸ்ரீநகரிலிருந்து புறப்பட்டு, ரோப் காரில் இரண்டு கட்டங்களும் ஏறி இறங்கி, அதே நாளில் மகளுக்குச் சறுக்கவும் கற்றுக்கொடுத்து, மாலையில் ஸ்ரீநகருக்கே திரும்பிவிடலாம் என்கிறார்கள். இது நடக்கக்கூடியதுதானா என்பது என் முதல் கேள்வி. அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை ஆகிய இரண்டில் எதில் செல்வது நல்லது? உத்தராகண்டின் ஆலி, இமாச்சலின் மணாலி ஆகிய இடங்களைவிடக் குல்மார்க்கே பொருத்தமானதா? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் அம்மாவை எவ்வளவு உயரம் வரை அழைத்துச் செல்லலாம்? 2025 ஏப்ரலில் பகல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு உறவினர்கள் சற்றுத் தயங்குகிறார்கள். அதைப் பற்றியும் விவரம் அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: உடற்கல்வி ஆசிரியர், பழைய வண்ணாரப்பேட்டை

ஐயா, அந்தத் திட்டத்தை ஏற்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதில் கடைசி 13 கிலோமீட்டர் தங்மார்க் என்னும் ஊரிலிருந்து தேவதாரு, பைன் மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. பனி விழுந்திருக்கும் நாளில் சக்கரங்களில் இரும்புச் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிகளே அந்தப் பாதையில் ஏற முடியும் என்பதால், ஸ்ரீநகரிலிருந்து வந்த வண்டியைத் தங்மார்க்கில் நிறுத்திவிட்டு வேறு வண்டிக்கு மாற நேரிடும். அங்கேயே பூட்ஸும் மேலாடையும் வாடகைக்கு எடுத்து, மேலே சென்று ரோப் கார் வரிசையில் நின்று, இரண்டு கட்டங்களும் ஏறி இறங்கினால், இருட்டுவதற்குள் கீழே போக வேண்டும் என்று ஓட்டுநர் அழைக்கும் நேரம் வந்துவிடும். மகளுக்கு எஞ்சுவது, யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் சில நிமிடங்கள் மட்டுமே. அதைக் கற்றல் என்று சொல்ல முடியாது.

சறுக்கும் பூட்ஸ் நாம் அணியும் எந்தக் காலணியையும் ஒத்ததன்று. கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆன அது கணுக்காலை முன்பக்கம் சாய்ந்த நிலையில் பூட்டி வைக்கிறது. அதை அணிந்து சமதளத்தில் நடக்கப் பழகுவதற்கே நேரம் பிடிக்கும். அடுத்து, பூட்ஸில் பூட்டும் நீண்ட சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை ஒன்றுக்கொன்று நெருக்கி, பின்முனைகளை அகட்டி, ஆப்பு வடிவத்தில் வைத்து வேகத்தைக் குறைத்து நிற்கக் கற்பிப்பார்கள். நிற்கத் தெரிந்த பிறகே திரும்பக் கற்க முடியும். இடப்பக்கம் திரும்ப வலக்காலிலும், வலப்பக்கம் திரும்ப இடக்காலிலும் எடையை ஏற்ற வேண்டும். கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு எடையைக் காலுக்குக் கால் மாற்றும் பழக்கம் ஏற்கெனவே இருப்பதால் உங்கள் மகள் விரைவாகவே பிடித்துக்கொள்வாள் என்று நம்புகிறேன். ஆனால் பயத்தில் பின்பக்கம் சாய்வது எல்லாருக்கும் வரும் இயல்பு, அது உடனே மாறாது. பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதி எடையை இழந்து, கட்டுப்பாடு முழுவதும் போய்விடும். உடலே பழக வேண்டிய இந்த ஒன்றுக்குத்தான் அடுத்தடுத்த நாட்கள் தேவைப்படுகின்றன. ஒரு நாள் கற்று, இரவு உறங்கி எழுந்து, மறுநாள் காலையில் அதே சரிவில் நின்றால், முந்தைய நாள் வராதது வந்திருக்கும். இதை எங்கள் பள்ளி மைதானத்தில் எத்தனையோ விளையாட்டுகளில் பார்த்திருக்கிறேன், பனியிலும் அப்படித்தான்.

ஆகவே குல்மார்க்கிலேயே தங்குங்கள். குறைந்தது நான்கு இரவுகளாவது தங்கினால் மூன்று முழு நாட்கள் பயிற்சிக்குக் கிடைக்கும். அவற்றில் ஒன்று பனிப்பொழிவாலோ காற்றாலோ கெட்டுப்போனாலும் மற்ற இரண்டு மிஞ்சும். பகல்காமையும் சோன்மார்க்கையும் இந்த முறை விட்டுவிடுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

புதியவர்கள் பயிலும் சரிவுகள் ரோப் காரில் ஏறிச் செல்லும் இடத்தில் இல்லை. கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கும் கிண்ணம் போன்ற புல்வெளிதான் குளிர்காலத்தில் பயிற்சிக் களம். அதன் ஓரங்களில் உள்ள மெல்லிய சரிவுகளில், இடுப்புக்குப் பின்னால் ஒரு தட்டை வைத்து இழுத்துக்கொண்டு மேலே போகும் சிறிய இழுவைக் கம்பிகள் இருக்கின்றன. உங்கள் மகள் தன் நாட்களில் பெரும்பகுதியை இங்கேதான் கழிப்பாள், கழிக்கவும் வேண்டும்.

பயிற்றுநரைத் தெருவில் எதிர்ப்படுபவர்களிலிருந்து தேர்ந்தெடுக்காமல், சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றவர்தானா என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று நாட்களுக்கும் ஒரே பயிற்றுநர் இருந்தால் நல்லது. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. அங்கு நடக்கும் முறையான பயிற்சிகள் குடும்பச் சுற்றுலாவுக்குள் அடங்காத அளவு நீண்டவை. இந்த முறை அவளுக்கு ஆர்வம் உறுதிப்பட்டால் அடுத்த ஆண்டுகளில் தனியாக விண்ணப்பிக்கலாம்.

வாடகைக்குக் கருவி எடுக்கும்போது மகளின் எடையைச் சரியாகச் சொல்லுங்கள். பலகையோடு பூட்ஸை இணைக்கும் பூட்டு, விழும்போது தானாக விடுபடும்படி எடைக்கும் திறனுக்கும் ஏற்பத் திருகி வைக்கப்படுகிறது. அது அளவுக்கு மேல் இறுகியிருந்தால், விழும்போது பலகை கழலாமல் முழங்காலைத் திருகிவிடும். நிமிர்ந்து நிற்கையில் கால் விரல்கள் பூட்ஸின் முன்சுவரை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் சற்று விலக வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று காலுறைகள் போடக்கூடாது. முழங்கால் வரை வரும் ஒரே ஒரு மெல்லிய காலுறை போதும். அடுக்கிப் போட்டால் இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு, கால் இன்னும் விரைவாகச் சில்லிட்டுப் போகும். தலைக்கவசத்தைக் கடைக்காரர் தாமாகத் தர மாட்டார். நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

பயிற்சியைக் காலை பத்து மணிவாக்கில் தொடங்கச் சொல்லுங்கள். முந்தைய நாள் வெயிலில் இளகி இரவில் உறைந்த பனி, அதிகாலையில் காசிமேட்டு மீன்பெட்டிகளில் கொட்டும் நொறுக்கிய பனிக்கட்டியைப் போலக் கரடுமுரடாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு அது சற்று இளகிக் கற்பவருக்கு இசைந்து கொடுக்கும்.

ஆலியும் நல்ல இடம்தான். அங்கே உத்தராகண்ட் அரசின் கர்வால் மண்டல் விகாஸ் நிகாம் நடத்தும் பயிற்சிகளும் உண்டு. எனினும் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரையிலான நீண்ட மலைச்சாலையை உங்கள் அம்மாவோடு கடப்பது கடினம். 2023 சனவரியில் ஜோஷிமட் நகரில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் கண்டதும், அங்கிருந்து ஆலிக்குச் செல்லும் ரோப் கார் நிறுத்தப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். மணாலிக்கு அருகில் உள்ள சோலாங் பள்ளத்தாக்கில் தொடக்கச் சரிவுகள் இருந்தாலும், அங்கு வருபவர்களில் பெரும்பாலோர் பனியில் விளையாட வருபவர்கள் என்பதால், சறுக்கக் கற்கும் பிள்ளைக்குக் குல்மார்க்கையே பரிந்துரைப்பேன்.

காலத்தைப் பொறுத்தவரை, அரையாண்டு விடுமுறை வேண்டாம். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நாடு முழுவதிலிருந்தும் கூட்டம் வருவதோடு, அந்த வாரத்தில் சறுக்குவதற்குப் போதிய அளவு பனி சேர்ந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. பொங்கல் விடுமுறையோடு சில நாட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: ஐசிஎஃப் ஓய்வூதியர், பெரம்பூர்

நண்பர் தங்குவதையும் கற்பதையும் விரிவாகச் சொல்லிவிட்டார். நான் போய்ச் சேரும் வழியை மட்டும் எழுதுகிறேன்.

சென்னை சென்ட்ரலிலிருந்து வைஷ்ணவ தேவி கத்ரா வரை அந்தமான் எக்ஸ்பிரஸ் செல்கிறது. கத்ராவில் இறங்கி, ஸ்ரீநகர் செல்லும் வந்தே பாரத் ரயிலுக்கு மாற வேண்டும். 2025 சூன் 6 அன்று தொடங்கிவைக்கப்பட்ட இந்த ரயில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகரை அடைகிறது. ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தையும், கம்பிவடங்களால் தாங்கப்பட்ட அஞ்சி பாலத்தையும் இந்த ரயிலில்தான் கடக்கிறோம். முன்பெல்லாம் சம்முவிலிருந்து நெடுஞ்சாலையில் போனவர்கள் மண்சரிவாலும் பனியாலும் ராம்பன், பனிஹால் பகுதிகளில் நாள் கணக்கில் நிற்க நேர்ந்தது. இருப்புப்பாதை பெரும்பாலும் சுரங்கங்களுக்குள் செல்வதால் அந்த அபாயம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இதை எழுதும்போது எனக்கு ஒரு நிறைவு உண்டு. அந்த வழித்தடத்துக்கான வந்தே பாரத் பெட்டிகள் நம் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில்தான் உருவாயின. நீர்க்குழாய்களும் கழிவறைத் தொட்டிகளும் உறைந்துவிடாதபடி வெப்பமூட்டும் அமைப்புகள், ஓட்டுநரின் முன்கண்ணாடியில் உறைபனி படியாதிருக்கக் கண்ணாடிக்குள்ளேயே பதித்த வெப்ப இழைகள் என, மற்ற வந்தே பாரத் ரயில்களில் இல்லாத ஏற்பாடுகள் அவற்றில் உண்டு. பனியையே பார்க்காத ஓர் ஊரில், 1955 முதல் பெட்டி கட்டிவரும் தொழிலாளர் பரம்பரை, பூச்சியத்துக்குக் கீழான குளிருக்கென்று ஒரு ரயிலைச் செய்து அனுப்பியிருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அழைத்துப் போங்கள்.

ஆனால் சனவரியில் வட இந்தியா முழுவதும் மூடுபனி இறங்குவதால், நீண்ட தொலைவு ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம். ஆகவே கத்ராவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் வந்தே பாரத்தைப் பிடிக்கும்படி திட்டமிடுங்கள். போகும்போது ரயில், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொள்வது அம்மாவுக்கும் விடுமுறை நாட்களுக்கும் ஒத்துவரும். விமானத்தில் திரும்பும் நாளன்று காலையில் குல்மார்க்கிலிருந்து புறப்படக்கூடாது. முந்தைய இரவே ஸ்ரீநகருக்கு இறங்கிவிட வேண்டும். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைகள் பல அடுக்காக நடப்பதால் மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். தில்லியில் மாறுவதாக இருந்தால் இரண்டு பயணங்களையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்துவிட்டு, பனியால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கான பணம் போய்விடும்.

இன்னொன்று: பிற மாநிலங்களில் வாங்கிய பிரீபெய்டு சிம்கள் சம்மு காஷ்மீரில் இயங்காது. வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமுக்கு அருகில் 26 பேர் கொல்லப்பட்டதை எவராலும் எளிதில் மறக்க முடியாது. உறவினர்களின் தயக்கம் இயல்பானதே. அதற்குப் பின் மூடப்பட்ட சுற்றுலா இடங்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும்படி முன்பதிவு செய்யுங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் அரசு அறிவிப்புகளைப் பாருங்கள். அனைவரின் அசல் அடையாள அட்டைகளையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். குல்மார்க் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அருகில் இருப்பதால், படைவீரர்கள் போக வேண்டாம் என்று காட்டும் பக்கம் போகாமல் இருப்பதும் அவசியம்.

பதில் 3: செவிலியர், ராயபுரம்

அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தண்டையார்பேட்டை கடல்மட்டத்தில் இருக்கிறது. ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,600 மீட்டர். குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர். ரோப் காரின் முதல் கட்டம் முடியும் கொங்தோரி 3,000 மீட்டருக்குச் சற்று மேலே. இரண்டாம் கட்டம் முடியும் அஃபர்வத் மலைத்தோள் 3,900 மீட்டருக்கும் மேலே. இந்த உயரங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் முடிவெடுப்பது எளிது. பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டிய பிறகே உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், உறக்கமின்மை ஆகியவை தோன்றத் தொடங்குகின்றன. அஃபர்வத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் மாறாவிட்டாலும், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

முதல் இரவை ஸ்ரீநகரில் கழித்துவிட்டு மறுநாள் குல்மார்க் ஏறுங்கள். அங்கே முதல் நாளில் ரோப் கார் வேண்டாம். இரண்டாம் நாள் அம்மாவுக்கு எந்தத் தொல்லையும் இல்லையென்றால் கொங்தோரி வரை அழைத்துச் சென்று, சற்று நேரம் இருந்துவிட்டு இறங்கலாம். இரண்டாம் கட்டத்துக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மேலே பத்து நிமிடம் நின்று பார்ப்பதற்காக, இரத்த அழுத்தம் உள்ள ஒருவரைச் சில மணி நேரத்துக்குள் ஆயிரத்து முந்நூறு மீட்டர் ஏற்றி, உறைகுளிரில் காக்க வைப்பது தேவையற்ற ஆபத்து. சிறுவனையும் அவரோடு கீழேயே வைத்துக்கொண்டால் இருவருக்கும் துணையாக இருக்கும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அவருடைய மருத்துவரைப் பார்த்து, இதயப் பரிசோதனை தேவையா, மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா, உயர நோய்க்கான அசெட்டசோலமைடு அவருக்குப் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் கூடும். கையடக்க அழுத்தமானி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வழக்கமான மாத்திரைகளைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள்.

குல்மார்க்கில் சனவரி இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்குவது சாதாரணம். அறையைச் சூடாக்க விறகு எரியும் புகாரி அடுப்பு, கேஸ் ஹீட்டர், கரி நிரப்பிய காங்கிரி என்னும் கணப்புச் சட்டி ஆகியவற்றைப் பயன்படுத்துவார்கள். சன்னல்களை முற்றிலும் அடைத்துவிட்டு, எரியும் எதையும் அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கக்கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்; காஷ்மீரில் குளிர்காலந்தோறும் இத்தகைய இறப்புகள் நேர்கின்றன. மின்சாரக் கம்பளி விரிப்பு உள்ள விடுதியைத் தேர்ந்தெடுங்கள். உறங்கும் முன் புகாரியை அணைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து எவ்வளவு குளிர்ந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆடையில், உடலோடு ஒட்டியிருக்கும் முதல் அடுக்கு பருத்தியாக இருக்கக்கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அசையாமல் நிற்கும் நேரத்தில் உடலைக் குளிர்விக்கும். கம்பளியோ செயற்கை இழையோ முதல் அடுக்காகவும், அதன்மேல் ஃபிளீஸும், வெளியே நீர் புகாத மேலாடையும் அணிய வேண்டும். வெளி ஆடையைத் தங்மார்க்கிலோ குல்மார்க்கிலோ வாடகைக்கு எடுக்கலாம். உள்ளாடையையும் கையுறையையும் இங்கேயே வாங்கிவிடுங்கள். புதிதாக விழுந்த பனி புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்புவதால், குளிர் கண்ணாடி இல்லாமல் இருந்தால் அன்றிரவே கண் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தி, திறக்க முடியாமல் போகும். மோவாயின் அடிப்பகுதியிலும் மூக்குத் துவாரங்களின் ஓரத்திலும்கூட வெயில் காப்புக் களிம்பு பூசுங்கள், ஏனெனில் அங்கே ஒளி கீழிருந்து மேலே வருகிறது.

பதில் 4: மலைப் பயணி, திருவொற்றியூர்

பொங்கல் விடுமுறையைப் பரிந்துரைத்த ஆசிரியரோடு நான் உடன்படவில்லை. காஷ்மீரின் கடுங்குளிர்க் காலமான சில்லை கலான் டிசம்பர் 21-இல் தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் என்பதும், முன்பெல்லாம் அந்த நாட்களில் பனி குவிந்துவிடும் என்பதும் உண்மையே. ஆனால் பனியைக் கொண்டுவருவது குளிர் மட்டுமன்று; மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் மேற்கத்தியக் காற்றுச் சுழற்சிகள் வந்தால்தான் பொழிவு உண்டு. 2024 சனவரியில் அவை வராததால், குல்மார்க் பழுப்புப் புல்லும் வெற்று மண்ணுமாகக் கிடந்தது. பனி பார்க்க வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். பிப்ரவரியில் பொழிந்த பிறகே, அம்மாதம் 21-ஆம் நாள் கேலோ இந்தியா போட்டிகள் அங்கே தொடங்கின. 2025-இல் நிலைமை இன்னும் மோசமானது: பிப்ரவரியில் நடக்க வேண்டிய அதே போட்டிகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் மாதத்தில்தான் நடந்தன. தேசியப் போட்டியை நடத்துபவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரே ஒரு வாரத்தை நம்பி ஐந்து பேரோடு புறப்படுபவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருப்பதால் பொதுத்தேர்வு இல்லை. பள்ளியில் முன்கூட்டியே அனுமதி பெற்று, பிப்ரவரி இரண்டாம், மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். பகல் சற்று நீண்டிருக்கும். பனி சேர்ந்திருக்கும் வாய்ப்பும் கூடுதல். விடுதிக் கட்டணமும் விடுமுறைக் காலத்தைவிட இறங்கியிருக்கும். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு என்றால் இந்த வாய்ப்பு கிடைக்காது.

ரோப் காரைப் பற்றிச் சில சொற்கள். 1998-இல் முதல் கட்டமும் 2005-இல் இரண்டாம் கட்டமும் திறக்கப்பட்ட இதை, சம்மு காஷ்மீர் அரசின் கேபிள் கார் கழகம் நடத்துகிறது. கழகத்தின் இணையதளத்தில் பெயரும் தேதியும் குறிப்பிட்டு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். வாயிலில் நின்று கூடுதல் விலைக்கு விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். இரண்டாம் கட்டம் மரங்களற்ற வெட்டவெளியில் ஏறுவதால் காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். அப்போது ஊழியர்களோடு வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சரியன்று. 2017 சூனில், பலத்த காற்றில் மரம் ஒன்று விழுந்து, ரோப் கார் பெட்டியிலிருந்து ஏழு பேர் கீழே விழுந்து இறந்தார்கள். காற்றுக்காக நிறுத்துவது நம்முடைய உயிருக்காகத்தான்.

உலகின் பல நாடுகளிலிருந்து சறுக்குவோர் குல்மார்க்குக்கு வருவதற்குக் காரணம் அந்த இரண்டாம் கட்டத்தின் உச்சியிலிருந்து இறங்கும், எந்திரத்தால் சமப்படுத்தப்படாத ஆழப்பனிச் சரிவுகள். அவற்றில் மீட்புக் குழுவினர் கண்காணிக்கும் பகுதி, கிண்ணம் போல் குழிந்த ஒரு சரிவு மட்டுமே. அதன் இரு பக்கமும் பனிச்சரிவு, அதாவது குவிந்த பனி மொத்தமாகப் பெயர்ந்து சரியும் அபாயம் உள்ள வெளி. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிப்ரவரி மாதத்தில் அனுபவம் மிக்க வெளிநாட்டவர்களே அங்கே பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்திருக்கிறார்கள். மூன்று நாள் கற்ற பிள்ளையிடம், உற்சாகத்தில் எவராவது மேலிருந்து சறுக்கிக் காட்டு என்று சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். நீங்களும் உங்கள் மனைவியும் மகளும் பயணிகளாக ஏறி, நங்கா பர்வதம் தெரியும் தெளிவான நாளாக இருந்தால் பார்த்துவிட்டு, அதே பெட்டியில் இறங்கிவிடுவதே முறை.

பனியில் ஆளை உட்காரவைத்து இழுக்கும் பலகையான ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள் வழிநெடுக அழைப்பார்கள். அவர்களில் பலருக்கு ஆண்டின் வருமானம் இந்தச் சில வாரங்களில்தான் வர வேண்டும். தேவையில்லை என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஏறுவதாக இருந்தால் தொகையையும் தொலைவையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் மகனுக்கு நிச்சயம் பிடிக்கும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்கு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் காப்பீடுகள் பல, சாகச விளையாட்டுகளால் வரும் காயங்களை விலக்கி வைத்திருக்கின்றன.

கேட்டவரின் மறுமொழி: தண்டையார்பேட்டை வாசி

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு வீட்டில் எல்லோரும் சேர்ந்து படித்தோம். பகல்காமையும் சோன்மார்க்கையும் விட்டுவிட்டு, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் குல்மார்க்கில் மட்டும் ஐந்து இரவுகள் தங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். மகளின் பள்ளியில் தலைமையாசிரியரிடம் நாளை பேசுகிறேன். இரண்டாம் கட்டத்துக்கு வர வேண்டாம் என்று செவிலியர் அம்மா எழுதியதைக் கேட்டதும், தான் கீழே பேரனோடு இருந்துகொள்வதாக அம்மாவே சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு ஐயம் எஞ்சியிருக்கிறது. மகள் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவள். கால்பந்து ஆடும்போது கழற்றி வைத்துவிடுவாள். சறுக்கும்போதும் அப்படிச் செய்யலாமா, அல்லது கண்ணாடியின் மேலேயே பனிக் கண்ணாடி (காகிள்ஸ்) அணிய முடியுமா?

பதில் 5: உடற்கல்வி ஆசிரியர், பழைய வண்ணாரப்பேட்டை

திருவொற்றியூர் நண்பர் பிப்ரவரிக்குச் சொன்ன காரணங்கள் வலுவானவை. அதையே ஏற்றுக்கொண்டது நல்லது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சறுக்க வேண்டாம். வெண்பனியில் மேடும் பள்ளமும் மெல்லிய நிழல் வேறுபாட்டால்தான் தெரியும். மேகமூட்டமான நாளில் நல்ல பார்வை உள்ளவர்களுக்கே அது மங்கிவிடும். மூக்குக் கண்ணாடிக்கு மேலே அணியத்தக்க, உட்புறம் ஆழமான பனிக் கண்ணாடிகள் தனியே விற்கின்றன. இருபுறமும் சட்டத்தின் காதுக்கம்பி நுழையும்படி நுரைப்பகுதியில் வெட்டு இருக்கும். வாடகைக் கடைகளில் அவை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கீறல் விழுந்திருக்கும் என்பதால், சென்னையிலேயே விளையாட்டுப் பொருள் விற்கும் பெரிய கடைக்கு அவளையும் அழைத்துச் சென்று, கண்ணாடியோடு அணிவித்துப் பார்த்து வாங்குங்கள். தலைக்கவசத்தையும் உடன் அணிந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் இடையில் நெற்றி வெளியே தெரியக்கூடாது. மூச்சுக்காற்று மேலேறிக் கண்ணாடியில் படியாதபடி கழுத்துத் துணியை மூக்குக்குக் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். இழுவைக் கம்பியில் ஏறும்போது பனிக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினால் வியர்வை ஆவி உள்ளே புகுந்து உறைந்துவிடும்; ஒருமுறை அணிந்தால் பயிற்சி முடியும் வரை கழற்ற வேண்டாம். மூக்குக் கண்ணாடி பிளாஸ்டிக் வில்லை கொண்டதாக இருக்கட்டும். மாற்றுக் கண்ணாடி ஒன்றையும் விடுதி அறையில் வைத்திருங்கள், ஏனென்றால் உடைந்தால் செய்துகொடுக்கும் கடைக்கு ஸ்ரீநகர் வரை இறங்க வேண்டியிருக்கும்.